மீன்தொட்டியில் களை: பெருகும் வழி தெரிந்தால் அடக்கும் வழி தெரியும்

செடிகள் வளரும் மீன்தொட்டியை அமைத்தவர்களுக்குச் சில வாரங்களில் ஒரு சந்தேகம் எழும். நாம் நடாத செடி எங்கிருந்து வந்தது? அள்ளிப்போட்ட பிறகும் ஏன் மறுபடி நிறைகிறது? பலர் உடனே கடைக்குப் போய் மருந்து கேட்கிறார்கள். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் செடி எந்த வழியில் பெருகுகிறது என்பதுதான் அது. தொட்டிக் களைகளில் பெரும்பாலானவை விதையை நம்பி இருப்பதில்லை. உடலின் ஒரு சிறு பகுதி மிஞ்சினாலும் அவற்றுக்குப் போதும். எந்தப் பகுதி என்பது செடிக்குச் செடி மாறுகிறது.

முதலில் லெம்னா. நீர்ப்பரப்பில் பச்சைப் பொட்டுகளாக மிதக்கும் மிகச் சிறிய செடி இது. இதில் தண்டு, இலை என்ற பிரிவு இல்லை. ஒரு தட்டையான பச்சைத் துண்டும் அதன் கீழே ஒரு வேரும் மட்டுமே உண்டு. துண்டின் ஓரத்தில் உள்ள சிறு பையிலிருந்து சேய்த்துண்டு முளைத்துப் பிரிகிறது. அதுவும் விரைவில் தாயாகிவிடுகிறது. வெளிச்சமும் சத்தும் போதுமான அளவு இருந்தால் இரண்டு மூன்று நாளில் எண்ணிக்கை இருமடங்காகும். இது வட்டிக்கு வட்டி ஏறும் கணக்கு. இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால், விட்டுப்போன ஒரே ஒரு துண்டு 20 நாளில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். வாரத்துக்கு ஒருநாள் அள்ளுபவர் தோற்பதற்குக் காரணம் இதுதான்.

லெம்னாவுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. செடிகளுக்குத் தேவையான கரியமில வாயு, காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீருக்குள் மூழ்கியிருக்கும் செடி இந்தத் தட்டுப்பாட்டோடுதான் வளர வேண்டும். மிதக்கும் லெம்னா காற்றிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. விளக்கின் வெளிச்சமும் முதலில் அதற்குத்தான் கிடைக்கிறது. கீழே உள்ள செடிகள் நிழலில் மெலிகின்றன. பரப்பு முழுவதும் மூடிவிட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீருக்குள் இறங்குவதும் குறைகிறது. இரவில் செடிகளும் ஆக்சிஜனைச் செலவழிப்பதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறக்கூடும்.

ஆகவே லெம்னாவைச் சில வாரங்களுக்குத் தினமும் சிறு வலையால் அள்ள வேண்டும். வடிகட்டியின் விளிம்பு, கண்ணாடி ஓரம், மற்றச் செடிகளின் இலையிடுக்கு ஆகிய இடங்களில்தான் துண்டுகள் ஒளிந்திருக்கும். வடிகட்டியிலிருந்து வரும் நீரை மேற்பரப்பை அசைக்கும்படி திருப்பிவிடலாம். அசையும் நீரில் லெம்னா செழிப்பதில்லை. மீன் தின்று மீதம் விடாத அளவுக்குத் தீனியைக் குறைப்பதும் உதவும். தங்கமீன் லெம்னாவைத் தின்னும். ஆனால் மற்றச் செடிகளின் தளிரையும் விட்டுவைக்காது.

இரண்டாவது யூட்ரிகுலேரியா. வேரே இல்லாத, நூல் போன்ற செடி இது. மிகச் சிறிய பைகளால் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணும். பெரும்பாலும் தொட்டியில் வளர்க்கும் மாஸ் செடிகளோடு பின்னிக்கொண்டு வந்துசேரும். அறுந்த ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகிவிடும். இதைப் பிடித்து இழுத்தால் துண்டுகள் பெருகவே செய்யும். நூல்நூலாக இடுக்கியால் பொறுமையாகப் பிரித்தெடுக்கலாம். மாஸ் முழுவதும் பின்னிவிட்டால் அந்தக் கொத்தையே எடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது ஹைட்ரில்லா. ஒளிச்சேர்க்கைச் சோதனைக்காகப் பள்ளியில் புனலின் கீழ் வைக்கும் அதே செடிதான். நம் குளங்களில் சாதாரணமாகக் கிடைக்கும். தண்டின் துண்டிலிருந்து முளைப்பதோடு, மண்ணுக்குள் சிறு கிழங்குகளையும் விடும். அவை சில ஆண்டுகள்கூட உறங்கிக் கிடந்து முளைக்கக்கூடியவை. மேலே பிடுங்குவதால் மட்டும் இது தீராது. அந்த இடத்து மண்ணையும் எடுத்துச் சலிக்க வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை, களைக்கொல்லிக்கு நட்ட செடி எது, களை எது என்று தெரியாது. செம்பு கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொல்லும். ஒரே நேரத்தில் மடியும் செடிகள் அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன்களும் சாகலாம்.

வராமல் தடுப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது. புதிதாக வாங்கிய செடியை நல்ல நீரில் அலசி, இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் வைத்துக் கவனிக்கலாம். திசு வளர்ப்பு முறையில் மூடிய டப்பாவில் வரும் செடிகளில் களை இருப்பதில்லை. ஒரு தொட்டியில் பயன்படுத்திய வலையைக் கழுவிக் காயவைக்காமல் அடுத்ததில் போடக்கூடாது.

அள்ளிய களையை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வணிகத்துக்காக ஹைட்ரில்லா அமெரிக்காவுக்குச் சென்றது. புளோரிடாவின் டாம்பா பகுதியில் அது ஒரு கால்வாயில் போடப்பட்டது. அங்கு பரவிய வகையில் பெண்செடிகள் மட்டுமே இருந்தன. விதையில்லாமலே, துண்டுகளாலும் கிழங்குகளாலும் அது அந்த மாநிலத்தின் ஏரிகளையும் ஆறுகளையும் நிறைத்தது. அதை அடக்க இன்றுவரை பெரும்பணம் செலவாகிறது.

லெம்னாவை எதிரியாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. மிதக்கும் வளையத்துக்குள் அளவாக வளர்ப்பவர்களும் உண்டு. எதை வைப்பது, எதை எடுப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால் எடுத்ததைக் குளத்திலோ கிணற்றிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். வெயிலில் மொறமொறப்பாகக் காயவைத்து உரக்குழியில் சேருங்கள். தொட்டி கழுவிய நீரைப் பூந்தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுங்கள்.