ஈர மாதத்தில் ஒரு லைஃப் சர்டிபிகேட்

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல் பழைய மாதப் பெயர்களை ஒதுக்கிவிட்டு, பருவத்தைப் பார்த்துப் புதுப் பெயர்கள் வைத்தார்கள். ஏறக்குறைய அக்டோபர் 22 முதல் நவம்பர் 20 வரை வரும் மாதத்துக்கு 'ப்ருமேர்' என்று பெயர். 'ப்ரும்' என்றால் மூடுபனி. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இது சரித்திரப் பாடம். பாரிஸ் வானத்துக்கு வைத்த பெயரைப் புதுச்சேரியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தோம். வெளியே அடைமழை கொட்டிக்கொண்டிருக்கும். நம் பெரியவர்கள் ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் சேர்த்துக் கூதிர் காலம் என்றார்கள். ஊருக்கு ஊர் வானம் வேறு, கணக்கும் வேறு.

கூதிர் காலம் எப்படிப்பட்டது என்று இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாமல் ஒரு வாடை அடிக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும். அப்பளம் நமுத்துப்போகும். தீக்குச்சி பற்றாது. மரக்கதவு ஊதிக்கொண்டு சாத்த வராது. பீரோவில் வைத்த பழைய தஸ்தாவேஜுகளில் பூஞ்சை பிடிக்கும். மழை விட்ட காலையிலும் வெயில் வராது. தெருமுனை வரை சாம்பல் நிற மூட்டம்தான். இதெல்லாம் இளைஞர்களுக்குத் தொந்தரவு, அவ்வளவே. நமக்கு மூட்டுவலியும் இருமலும் இழுப்பும் சேர்ந்து வரும். பாசி படிந்த வாசற்படியில் ஒருமுறை சறுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். அதனால்தான் இந்த மாதங்களில் வயதானவர்களை வீட்டோடு இருக்கச் சொல்கிறோம்.

ஆனால் மத்திய அரசு ஓய்வூதியர்களை வெளியே வரச் சொல்லும் மாதமும் இதுதான்! நாம் உயிரோடு இருக்கிறோம் என்று ஒவ்வொரு நவம்பரிலும் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். பிறகு கொடுத்தால் நிலுவையோடு வரும் என்பது உண்மைதான். ஆனால் மருந்துக்கடைக்காரர் அதுவரை காத்திருப்பாரா?

தில்லியில் நவம்பர் மழையே இல்லாத மாதம். அங்கே உட்கார்ந்து பார்த்தால் அது வசதியான மாதமாகவே தெரியும். புதுச்சேரியில் ஆண்டிலேயே அதிகமாக மழை பெய்வது நவம்பரில்தான். 2020-இல் நிவர் புயல் நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நமக்கு அருகே கரையேறியது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு. சான்று கொடுக்கும் மாதத்தின் கடைசி நாள் அது! ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த நேரத்தில், பெட்டியிலிருந்து ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு யார் கிளம்ப முடியும்?

வசதிகள் செய்து கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2014 முதல் கைரேகை வைத்தால் போதும். ஆனால் எழுபதைத் தாண்டிய விரலில் ரேகை பாதி தேய்ந்திருக்கும். ஈரத்தில் ஊறிய விரலை இயந்திரம் எளிதில் ஏற்பதில்லை. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் ஒரு வருடம் என் பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார்கள். கடைசியில், "நாளைக்கு வாங்க சார்" என்றார்கள். மறுநாளும் மழை. 2021-இல் முகத்தைக் காட்டும் முறையும் வந்தது. அதற்கு நல்ல கைபேசியும், பொறுமையுள்ள பேரப்பிள்ளையும், கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும். அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு முடித்துத் தருவது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் முழங்கால் தண்ணீரில் அவரும்தானே நடந்து வர வேண்டும்?

இத்தனை வருடம் கோப்பு தள்ளிய எழுத்தனாகச் சொல்கிறேன், ஒரே மாதத்தில் எல்லோரையும் வரவழைப்பது அலுவலகத்துக்கும் நல்லதல்ல. வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்கள் ஆண்டில் எந்த மாதமும் சான்று கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். பக்கத்தில் தமிழ்நாடு அரசு, அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல் என்று மாற்றிவிட்டது. கூட்டமும் குறைகிறது, மழையோடு மல்லுக்கட்டவும் வேண்டியதில்லை. இதையே நமக்கும் செய்தால் அரசுக்கு ஒரு காசு செலவில்லை. எண்பது வயது நிறைந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தியவர்களுக்கு, இது பெரிய காரியமா என்ன?

நம் ஓய்வூதியர் சங்கங்கள் பஞ்சப்படிக்கு எழுதும் மனுவில் இதையும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். அதுவரை, எண்பதைத் தொட்டவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் நவம்பர் முதல் வாரத்தில் வெயில் தலைகாட்டும் நாளாகப் பார்த்துப் போய் வாருங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். கிளம்பும்போது ஒரு காய்ந்த துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள், விரலைத் துடைக்க.