குதித்தவரும் குதிக்கக் கற்பித்தவரும்

பெரம்பலூரானாலும் அரியலூரானாலும், பள்ளிக்கூட அட்டவணையில் தேகப்பயிற்சிக்கென்று ஒரு மணி உண்டு. பரீட்சை நெருங்கினால் அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்தவரை நாம் கண்டதில்லை. பிறரைச் சொல்வானேன்? நாமும் வாங்கியிருக்கிறோம்!

அதற்காக நம்மை வெட்கப்பட வைத்தது, திரிபுராவின் அகர்தலா நகரத்து வரலாறு ஒன்று.

1960-களில் தலிப் சிங் என்னும் பயிற்சியாளர் அந்நகரில் ஜிம்னாஸ்டிக்ஸ் வித்தையை ஊன்றினார். அவருடைய சீடர் மண்டு தேவ்நாத் 1975-ல் அர்ஜுனா விருது பெற்றார். மற்றொரு சீடர் ஸ்ரீ விசுவேஸ்வர் நந்தி, ஆடி ஓய்ந்தபின் தாமே ஆசானானார். அவரிடம் வந்து சேர்ந்த சிறுமிதான் தீபா கர்மாகர்.

தீபாவுக்குத் தட்டைப் பாதம். ஓடிக் குதிக்கும் வித்தைக்கு அது பெருங்குறை. ஆசான் பொறுமையுடன் பயிற்சியளித்து அதைச் சீர்ப்படுத்தினார். குதிபலகை வாங்க வசதியில்லை. பழைய ஸ்கூட்டரின் சுருள்வில்களைக் கழற்றி ஒன்று செய்துகொண்டார்கள்.

2016 ஆகஸ்டு 14-ம் தேதி, ரியோ ஒலிம்பிக்கில், தீபா புரொடுனோவா என்ற பாய்ச்சலைச் செய்து காட்டினார். ஓடிவந்து, மேடைமேல் கையூன்றி எழும்பி, ஆகாயத்தில் இருமுறை முன்கரணமடித்து இறங்க வேண்டும். இறங்குவதில் அணுவளவு பிசகினாலும் கழுத்துக்கே ஆபத்து! அவர் பெற்ற புள்ளிகள் 15.066; மூன்றாமவர் பெற்றவை 15.216. வெண்கலம் கைநழுவியது. ஆயினும் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இறங்கிய முதல் இந்தியப் பெண்மணி அவரே. அவ்வாண்டே சீடருக்குக் கேல் ரத்னாவும் ஆசானுக்குத் துரோணாசாரியார் விருதும் கிடைத்தன.

பிறகு சோதனைகள் வந்தன. முழங்காலில் சத்திரசிகிச்சை, தடைசெய்யப்பட்ட மருந்து உடலில் காணப்பட்டதால் 2023 ஜூலை வரை 21 மாத விலக்கு. அத்துடன் கதை முடிந்ததென்றே பலரும் எண்ணினர். ஆனால் 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியத் தங்கத்தை வென்றார். இந்தியர் எவரும் அதற்குமுன் வென்றறியாத தங்கம் அது! அக்டோபரில் ஓய்வை அறிவித்தபோது, இனிப் பிறருக்குப் பயிற்சியளிக்கும் விருப்பத்தையும் தெரிவித்தார்.

இவ்விருப்பத்தைப் பதக்கத்தினும் பெரிதாக நாம் மதிக்கிறோம். எந்த இடத்தில் அச்சம் தோன்றும், விழுந்தபின் எப்படி எழுவது என்பன புத்தகத்தில் கிடைக்குமா? விழுந்து எழுந்தவர் அல்லவா சொல்லித்தர வேண்டும்!

நம் பக்கத்திலும் திறமைக்குப் பஞ்சமில்லை. அரியலூரில் பிறந்த கார்த்தி செல்வம் இந்திய ஹாக்கி அணியில் ஆடியிருக்கிறார். ஆனால் பயிற்சிக்கு அவர் கோவில்பட்டிக்குப் போக வேண்டியிருந்தது. ஆசான் இருக்குமிடத்தைத் தேடித்தானே திறமை நடக்க வேண்டியிருக்கிறது? ஒவ்வோர் ஊரிலும் ஒரு நந்தி அமைந்தால் பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் அலைய வேண்டாம்.

அதுவரை நம்மால் ஆவது ஒன்றுண்டு. கடன் வாங்கிய மணிகளை வரும் திங்கட்கிழமை முதல் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டோம். வட்டி கேட்டால்தான் சங்கடம்!