மாங்காய்க்கு ஐந்து ரூபாய், மோட்டார் சைக்கிளுக்கு வரிச் சலுகை!

அவர்களுக்கு மாம்பழம், நமக்கு மோட்டார் சைக்கிள். 2007 ஏப்ரலில் டில்லியில் முடிந்த பேரம் இதுதான். 1989 முதல் இந்திய மாம்பழத்துக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த அமெரிக்கா, பழத்தைக் கதிர்வீச்சில் காட்டி அனுப்பினால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. பதிலுக்கு ஹார்லி டேவிட்சன் கம்பெனியின் 800 சிசிக்கு மேற்பட்ட கனத்த வண்டிகள் நம் நாட்டில் இறங்குவதற்குத் தடையாக இருந்த புகை விதியை டில்லி தளர்த்திக் கொடுத்தது. வர்த்தக மந்திரி கமல்நாத்தும் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி சூசன் ஷ்வாபும் கைகுலுக்கினார்கள். இரு தரப்புக்கும் லாபம் என்று பெரிய பத்திரிகைகள் பஜனை பாடின.

2006 மார்ச்சில் புஷ் இங்கே வந்தபோதே இந்தப் பேரத்துக்கு அச்சாரம் போடப்பட்டது. அன்று மத்திய சர்க்காருக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்துகொண்டிருந்த இடதுசாரிகள், அந்த வருகையை எதிர்த்து வீதியில் நின்றார்கள். மாம்பழம் விற்பதில்கூடவா அரசியல் என்று அப்போது நம்மைக் கேலி செய்த கனவான்கள் உண்டு. இப்போது கணக்குப் பார்ப்போம்.

முதலில் மாம்பழக் கணக்கு. 2004 பிப்ரவரி வரை ஒன்றாக இருந்து, பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று இரண்டாகப் பிரிந்த இந்த மண்ணில், சந்தூர், பர்கூர், காவேரிப்பட்டணம், காரிமங்கலம், பாலக்கோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மாந்தோப்புதான். ஆனால் அன்று கப்பலும் விமானமும் ஏறியது ரத்னகிரியின் அல்போன்சாவும் குஜராத்தின் கேசரும். நம் தோப்புகளில் பெருவாரியாகக் காய்ப்பது பெங்களூரா. தோத்தாபுரி என்றும் சொல்வார்கள். அது மாங்கூழ் ஆலைக்குப் போகும் காய். அதற்கு விலை வைப்பது அமெரிக்காக்காரனல்ல, விவசாயியும் அல்ல; ஆலை முதலாளியும் மண்டிக்காரனும்தான்.

போன பழமாவது கௌரவமாகப் போனதா? நாசிக் பக்கம் லாசல்காவில் கதிர்வீச்சு காட்டும்போது அமெரிக்க இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் வந்து தங்கிப் போகும் செலவு நமது ஏற்றுமதிக்காரர் தலையில்! இதையெல்லாம் சகித்து அனுப்பியும் 2025 மே மாதத்தில் 15 தடவைச் சரக்கை அங்கே திருப்பிவிட்டார்கள். பழத்தில் பூச்சியில்லை, கதிர்வீச்சுக் காகிதத்தில் பிழையாம். திருப்பி எடுத்து வரும் செலவு கட்டாது என்று அங்கேயே அழித்தார்கள்.

அடுத்த மாதமே நம் பக்கம் வந்தது இடி. 2025 ஜூனில் பெங்களூரா கிலோ 5 ரூபாய் அளவுக்கு விழுந்தது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் போதாத விலை. மரத்திலேயே பழுத்து விழட்டும் என்று விட்டவர்கள் எத்தனை பேர்!

இனி மோட்டார் சைக்கிள் கணக்கு. ஹார்லியின் கனத்த க்ரூசர் வண்டி ஒன்றின் விலை இங்கே 20 லட்சம் ரூபாயைத் தாண்டும். கிலோ 5 ரூபாய் என்றால் 20 லட்சத்துக்கு 400 டன் மாங்காய். பத்து டன் லாரியில் நாற்பது லாரி. ஏக்கருக்கு நாலு டன் என்று வைத்துக்கொண்டால் நூறு ஏக்கர் தோப்பின் முழு மகசூல்! ஒருவர் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார, நூறு ஏக்கர்.

இந்த வண்டிக்குத்தான் டில்லி திரும்பத் திரும்ப வரியைக் குறைத்தது. 2018 பிப்ரவரியில், 75 சதம் வரை இருந்த சுங்க வரி 50 சதமானது. டிரம்ப் அதே மாதம் அதைப் பகிரங்கமாகக் கிண்டல் செய்தார். 2025 ஜனவரி 20இல் அவர் மீண்டும் பதவி ஏறினார். பன்னிரண்டாம் நாள், பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட்டில், 1600 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு வரி 30 சதமாக இறங்கியது. கேட்பதற்கு முன்பே காலடியில் வைத்தார்கள். கிடைத்த பரிசு என்ன? 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்குகளில் பெரும்பாலானவற்றின் மீது 50 சத வரி விழுந்தது!

வரி அதிகம், அதனால்தான் இங்கே வியாபாரம் படுத்தது என்று சொல்வார்கள். இது சுத்தப் புளுகு. ஹார்லி 2011 முதல் ஹரியானாவின் பவாலில் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்றது. பாகங்களுக்கு வரி குறைவு. அப்படியிருந்தும் 2019-20இல் 2,500 வண்டிகூட விற்கவில்லை. 2020 செப்டம்பரில் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. சுமார் 70 பேர் வேலை போயிற்று. வாங்க ஆளில்லை, அவ்வளவுதான். சொந்த நாட்டிலேயே 2006இல் ஏறத்தாழ 2 லட்சத்து 68 ஆயிரம் விற்ற கம்பெனி, 2024இல் 95 ஆயிரத்தை ஒட்டி நின்றது. அங்கே யார் வரி போட்டார்கள்? பெயரை வைத்து 2023இல் ஹீரோ கம்பெனியோடு சேர்ந்து 440 சிசியில் 2 லட்சத்து 29 ஆயிரத்துக்கு ஒரு வண்டி விட்டுப் பிழைக்கப் பார்த்தது. நம் திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தமிழ்நாட்டுத் தொழிலாளி செய்யும் ராயல் என்ஃபீல்டோ 2024-25இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்த புல்லட்டையும் நம் வாலிபர்கள் பலர் தவணையில்தான் ஓட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அமெரிக்கத் தொழிலாளி மீது நமக்குப் பகையில்லை. வண்டி மீதும் இல்லை. இரும்பு என்ன செய்தது? 2018இல் கான்சாஸ் சிட்டி ஆலையை மூடுவதாக ஹார்லி அறிவித்தபோது சுமார் 800 பேர் வேலை இழந்தார்கள். சில நாட்களில் அதே கம்பெனி, சொந்தப் பங்குகளில் ஒன்றரைக் கோடியைத் திரும்ப வாங்க முடிவு செய்தது. டிரம்ப் கண்ணீர் விட்டது யாருக்காக என்று அந்தத் தொழிலாளியைக் கேட்டால் சொல்வார்.

பெங்களூராவுக்கு நியாய விலை என்ன? மத்திய சர்க்காரே பதில் சொல்லியிருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்துக்கு, 2 லட்சத்து 50 ஆயிரம் டன் வரை, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று ஒப்புக்கொண்டது. கிலோ 16 ரூபாய் 16 காசு! ஓசூருக்கு அந்தப் புறம் 16 ரூபாய் பெறும் காய், இந்தப் புறம் 5 ரூபாயா? மண் வேறா, மரம் வேறா?

இந்த விலைக்குக் குறையாமல், பறிப்பு தொடங்குமுன், இரு மாவட்டங்களுக்கும் அறிவிக்க வேண்டும். கூட்டுறவில் மாங்கூழ் ஆலை வேண்டும். மனுவில் கையெழுத்து வாங்க நம் தோழர்கள் சந்தை நாட்களில் வருகிறார்கள். வரும் விவசாயிகள் பட்டா நகலையும் ஆலையில் கொடுத்த எடைச் சீட்டையும் கையோடு கொண்டு வரவும்.