பற்றுச்சீட்டு கேட்பது அவமதிப்பல்ல

ஓர்ஸ் ஹில்லில் உள்ள கடையொன்றில் சில மாதங்களுக்கு முன் நான் கண்ட காட்சி இது. மூதாட்டி ஒருவர் தாம் கொடுத்தது ஐயாயிரம் ரூபாய்த் தாள் என்கிறார். காசு வாங்கிய இளைஞனோ, "இல்லை அம்மா, நீங்கள் தந்தது ஆயிரம்தான்" என்கிறான். சத்தம் கேட்டு வந்த முதலாளி இலாச்சியைத் திறந்து எண்ணினார். எண்ணி என்ன பயன்? காலையிலிருந்து விற்ற பொருட்களில் பாதிக்குப் பற்றுச்சீட்டே எழுதப்படவில்லை. இலாச்சியில் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது தெரியாதபோது, இருப்பது கூடுதலா குறைவா என்று யார் சொல்வது?

முதலாளி மூதாட்டிக்கு நாலாயிரம் ரூபாயைக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வாரம் அந்த இளைஞன் அங்கே இல்லை. அவன் திருடினானா என்பது எனக்குத் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

காசு மேசைத் திருட்டு இரு வகைப்படும். மிகுதிப் பணத்தைக் குறைத்துக் கொடுப்பது வாடிக்கையாளரிடம் திருடுவது. விற்பனையைப் பதியாமல் பணத்தைச் சட்டைப்பையில் இடுவது முதலாளியிடம் திருடுவது. பஸ்ஸில் காசை வாங்கிக்கொண்டு பயணச்சீட்டுக் கொடுக்காத நடத்துநர் செய்வதும் இரண்டாவது வகையே. இரண்டையும் கடினமாக்குவது ஒரு துண்டுச் சீட்டுத்தான்.

இது புதிய ஞானமல்ல. அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுச்சாலை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர்கள் பணத்தைச் சுருட்டுவதைப் பொறுக்கமாட்டாமல், தம் சகோதரருடன் சேர்ந்து காசுப் பதிவு இயந்திரத்தை உருவாக்கி 1879இல் காப்புரிமை பெற்றார். கடிகார முகப்பைப் போன்ற தட்டொன்று விற்பனைத் தொகையை எல்லோரும் காணக் காட்டியது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வணிகர் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் நாம் கேட்பதில்லை. கேட்டால் அந்தப் பிள்ளையைக் கள்ளன் என்று சொன்னதாகிவிடுமோ எனக் கூச்சப்படுகிறோம்.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாத வேதனம் 30,000 ரூபாய். நாள்தோறும் இலட்சங்களை எண்ணும் கைக்கு அதற்கு மேல் ஒரு சதமும் கொடுக்க மனமில்லாதவர்கள், கணக்கு எழுதும் சிரமத்தையும் தவிர்த்துக்கொண்டு, நேர்மையை மட்டும் இலவசமாக எதிர்பார்க்கிறார்கள். வறுமை திருட்டை நியாயப்படுத்தாது என்பது உண்மைதான். ஆயினும் கணக்கில்லாத இலாச்சியை ஓர் இளைஞனிடம் ஒப்படைத்து, குறைந்ததும் அவனை வெளியேற்றுவது நிர்வாகமும் அல்ல, நீதியும் அல்ல.

அன்று ஒவ்வொரு விற்பனையும் பதியப்பட்டிருந்தால், இளைஞன் கள்ளனாயின் அப்போதே பிடிபட்டிருப்பான். நேர்மையானவனாயின் தன் வேலையை இழந்திருக்கமாட்டான். அந்த இரண்டாவது சாத்தியமே என்னை இன்னும் உறுத்துகிறது. வரிசையில் நின்ற நானும் அன்று பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.