எந்த ஃபைல் எந்த ஜன்னலில்?

திரையில் மூன்று ஜன்னல்கள். இடது பக்கம், எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம். வலது பக்கம், அதற்கான குறிப்புகள். அடியில், கம்பைலர் கண்டுபிடித்த பிழைகளின் பட்டியல். புரோகிராமர் ஒரு பிழையின் மீது கர்சரை வைத்து என்டரைத் தட்டுகிறார். பிழையுள்ள ஃபைல் திறக்கிறது, ஆனால் குறிப்புகள் இருந்த இடத்தில். குறிப்புகளைத் தேடி எடுப்பதற்குள், எதைத் திருத்த வந்தோம் என்பது மறந்துவிடுகிறது.

அற்பத் தொல்லைதான் என்று தோன்றும். ஒரே பெயரில் பரிசோதனைக்கு ஒரு ஃபைல், வாடிக்கையாளர்களின் உபயோகத்துக்கு இன்னொரு ஃபைல் என்று வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பரிசோதனை ஃபைல் என்று நினைத்து மற்றதில் ஒரு வரியை மாற்றிச் சேமித்துவிட்டால், அன்றைய பொழுது தொலைந்தது.

புரோகிராமர்கள் பயன்படுத்தும் எடிட்டர்களில் பிரபலமான ஒன்று விம் (பாத்திரம் தேய்ப்பது அல்ல). 1976ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் உருவாக்கிய வி.ஐ. என்ற எடிட்டரின் வாரிசு இது. நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார் இதை 1991ல் வெளியிட்டார். 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். திரையை மேலும் கீழுமாகப் பிரிக்கும் வசதி 1994ல் வந்தது. பக்கவாட்டில் பிரிக்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஃபைல் வேறு, ஜன்னல் வேறு என்பது. திறந்த ஃபைலை விம் 'பஃபர்' என்ற பெயரில் தன் பட்டியலில் வைத்துக்கொள்கிறது. ஜன்னல் அதைப் பார்ப்பதற்கான வழி மட்டுமே. ஒரே தெருவை வீட்டின் இரண்டு ஜன்னல்கள் வழியாகப் பார்க்கலாம்; ஒரு ஜன்னலைச் சாத்தினால் தெரு மறைந்துவிடாது. காணாமல்போன குறிப்புகளும் அப்படித்தான். பட்டியலில் பத்திரமாக இருக்கின்றன. ஜன்னலில் காட்சி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

காட்சியை எங்கே மாற்றுவது என்பதற்கு விம்மிடம் சொந்த விதிகள் உண்டு. திரையைக் குறுக்கே பிரித்தால் புதிய ஜன்னல் மேலே திறக்கும். நெடுக்காகப் பிரித்தால் இடது பக்கம் திறக்கும். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழ். 'ஸ்ப்ளிட்பிலோ', 'ஸ்ப்ளிட்ரைட்' என்ற இரண்டு வரிகளை செட்டிங்ஸ் ஃபைலில் சேர்த்தால், புதியவை கீழேயும் வலப்பக்கமும் திறக்கும்.

முதலில் சொன்ன பிழைப் பட்டியல் தொல்லைக்கு 'ஸ்விட்ச்பஃப்' என்று தனி செட்டிங் இருக்கிறது. அதில் 'யூஸ்ஓப்பன்' என்று போட்டால், ஃபைல் ஏற்கெனவே ஏதாவது ஜன்னலில் தெரிகிறதா என்று பார்த்து அங்கேயே கர்சர் போகும். 'யூஸ்லாஸ்ட்' என்று போட்டால், கடைசியாக வேலை செய்துகொண்டிருந்த ஜன்னலில் பிழை திறக்கும். குறிப்புகள் தப்பித்தன.

ரிச்சர்ட் ஸ்டால்மனின் இமாக்ஸ் எடிட்டர் வேறு கணக்குப் போடுகிறது. ஒரு ஃபைலை இன்னொரு ஜன்னலில் காட்டச் சொன்னால், இப்போதுள்ள ஜன்னலை அளந்து பார்க்கிறது. 80 வரிகளுக்குக் குறையாத உயரம் இருந்தால் மேல்-கீழாகப் பிரிக்கும். இல்லாவிட்டால், 160 எழுத்துகளுக்குக் குறையாத அகலம் இருந்தால் பக்கவாட்டில் பிரிக்கும். அகலமும் போதாது, இருப்பதும் ஒரே ஜன்னல் என்றால் மறுபடி மேல்-கீழ்தான். ஆபீஸின் அகலத் திரையில் பக்கத்தில் திறந்த ஃபைல், வீட்டு லேப்டாப்பில் கீழே திறப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு எண்களையும் மாற்றிக்கொள்ளலாம். 2012ல் வந்த 24ம் பதிப்பு முதல், எந்த வகை பஃபர் எங்கே திறக்க வேண்டும் என்று விதி விதியாக எழுதியே கொடுத்துவிடலாம்.

ஒரு ஜன்னலுக்கு ஒரு பஃபரை மட்டும் ஒதுக்கிவிடும் வசதியும் இமாக்ஸில் நெடுநாளாக இருந்துவருகிறது. விம் உபயோகிப்பாளர்களுக்கு அந்தப் பூட்டு 2024ல்தான் கிடைத்தது. 'வின்ஃபிக்ஸ்பஃப்' என்ற அந்த செட்டிங்கைப் போட்டுவிட்டால், அந்த ஜன்னலில் வேறு ஃபைலைத் திறக்கும் கட்டளையை விம் மறுத்துவிடும். கட்டளையின் கூடவே ஆச்சரியக்குறி போட்டு வற்புறுத்தினால்தான் வழிவிடும்.

எல்லாம் சேர்த்து நாலைந்து வரிகள். எழுத சில நிமிடங்கள் போதும். ஆனால் ஒரு ஆபத்து. சொந்த செட்டிங்குகளுக்குப் பழகிய கை, அவை இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததும் தடுமாறும். வலது பக்கம் எதிர்பார்த்தது இடது பக்கம் திறந்திருக்கும். விம்மில் 1ஐத் தட்டி, பிறகு கன்ட்ரோலுடன் ஜி-யைத் தட்டினால், ஃபைலின் முழு விலாசமும் திரையின் அடியில் தெரியும். சேமிப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஜன்னல் எங்கே இருந்தாலும், எழுதுவது ஃபைலில்.