உறக்கத்தைக் குற்றமாக்காதீர்

வகுப்பில் கண்ணயரும் மாணவனுக்கு நம்மிடையே தீர்ப்பு எழுதப் பலர் இருக்கின்றனர். "சோம்பேறி" என்பார் பேராசிரியர். "இரவெல்லாம் செல்பேசி" என்பார் தந்தை. சுப்ஹுக்கு எழாததைச் சுட்டி, "ஈமான் பலவீனம்" என்பர் உறவினர். தாயத்துக் கட்டவும் ஆள் உண்டு. மருத்துவரிடம் அழைத்துச் செல்லத்தான் எவருமில்லை.

நார்கோலெப்சி மூளையைப் பற்றிய நோய். விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இந்நோயின் முதல் வகையில் பெருமளவு அழிந்துவிடுகின்றன. 1998ஆம் ஆண்டில்தான் அப்பொருள் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் பதின்பருவத்திலும் இருபதுகளிலும் இந்நோய் தலைகாட்டுகிறது. இரவில் நன்கு உறங்கியவரையும் பகலில் தூக்கம் வந்து கவ்வும். வாய்விட்டுச் சிரிக்கையில் சிலருக்கு முழங்கால் தளரும், நினைவு தப்பாது. உறங்கும் தறுவாயில் அறைக்குள் யாரோ நிற்பதுபோல் தோன்றும், கைகால் அசையாது. ஜின்கள் உண்டென நாம் நம்புகிறோம். அதற்காக ஒவ்வொரு நோயையும் அவற்றின் மீது சுமத்துவது ஈமான் ஆகாது.

மார்க்கத்தின் பெயரால் ஏசுவோர் ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரலி) அவர்களின் செய்தியை ஓதட்டும். அபூதாவூதில் பதிவாகியுள்ளது அது. சூரியன் உதிக்கும்வரை அவர் ஃபஜ்ரு தொழுவதில்லை என்று அவருடைய மனைவியே முறையிட்டார். தம் குடும்பத்தாரின் இயல்பே அது, எழ இயலவில்லை என்றார் அவர். நபி (ஸல்) அவர்கள் அவரைப் பழிக்கவில்லை. விழித்ததும் தொழுமாறு பணித்தார்கள். தொழுகை தள்ளுபடியாகவில்லை, இயலாமை குற்றமாகவுமில்லை.

"சலுகை கொடுத்தால் எல்லோரும் நோயைச் சாக்காக்குவர்" என்பது சிலரின் வாதம். அதற்குத்தான் பரிசோதனை இருக்கிறது. இரவுத் தூக்கத்தைப் பதிவுசெய்து, மறுநாள் பகலில் எத்தனை நிமிடங்களில் உறக்கம் வருகிறது என்று அளக்கின்றனர். அந்தச் சான்றைக் காட்டிய பின்னரும் 75 விழுக்காடு வருகைப்பதிவைச் சொல்லித் தேர்வெழுதத் தடைவிதிப்பது ஒழுங்கா, அநீதியா?

நோய் முற்றிலும் நீங்காவிடினும், மருந்தும் இடையிடையே குறுந்துயிலும் படிப்பைத் தொடரத் துணைசெய்யும். கைலூலா எனும் நண்பகல் உறக்கத்தை சுன்னத்தாகப் போற்றும் நாம், நம் கல்லூரிகளில் இருபது நிமிடம் சாய ஓரிடம் தர மறுக்கலாமா?

பெற்றோரே, திருமணம் தடைப்படும் என்றெண்ணி மகளின் நோயை மறைக்காதீர். மறைக்கப்பட்ட நோயுடன் பிள்ளைகள் இருசக்கர வாகனமும் ஓட்டுகின்றனர். அவர்கள் வேண்டுவது இரக்கமன்று. உரிய மருத்துவமும் நீதியுமே. அவ்விரண்டும் நம்மீது அவர்களுக்குள்ள ஹக்கு.