புகைக் கணக்கு ஊருக்குத் தெரியட்டும்!



காட்டுப்பள்ளியைச் சுற்றி வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள் ஓடுகின்றன. வல்லூரில் மட்டும் 500 மெகாவாட் யூனிட் மூன்று. இந்த நிமிஷம் எந்த யூனிட் எவ்வளவு கரண்ட் தருகிறது என்பது சென்னையில் மின்சுமையைப் பார்க்கும் மையத்துக்கு அத்துப்படி. சில நொடிக்கு ஒரு தரம் அங்குள்ள கம்ப்யூட்டர் கேட்கிறது, நிலையத்தில் இருக்கும் கருவி பதில் சொல்கிறது. கேட்டே ஆகவேண்டும். உற்பத்தியும் செலவும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நின்றால்தான் லைன் 50 ஹெர்ட்ஸில் நிற்கும்.

புகைபோக்கியிலும் கருவி உண்டு தோழர்களே! தூசு, கந்தகப் புகை, நைட்ரஜன் புகை எவ்வளவு என்று அளந்து உடனுக்குடன் அனுப்பவேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014லேயே உத்தரவு போட்டது. வாரியத்துக்குப் போகும் கணக்கு, நெற்பயிரில் படிந்த தூசை விரலால் தடவிப் பார்க்கிற நமக்கு ஏன் வரக்கூடாது? "செல்போனில் பார்" என்பார்கள். எங்கே பார்ப்பது, எது வரம்பு என்று யார் வந்து சொல்லிக் கொடுத்தார்கள்?

ஊராட்சி அலுவலக வாசலில் எண் ஓடும் பலகை வை! வரம்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று தமிழில் போடு! கருவி நின்றுபோன நேரத்தையும் மறைக்காமல் காட்டு. எங்களுக்குச் சந்தேகமே அந்த நேரத்தின் மேல்தான்.

அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போட வாருங்கள்.